மனிதர், சதுரங்கம் ஆடும் வகை, எண்ணிக்கை ஒன்று

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். புனேயின் கட்கி கண்டோன்மெண்டில் எந்தக் கோயிலைச் சொன்னாலும் அங்கே வந்து கற்பூரத்தை அணைத்துச் சொல்லத் தயார். அது போதாதென்றால் பின்னால் வரப்போகும் அந்தோணியின் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியும் சொல்லலாம். ஆதாரம் கேட்பவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. அது ஓர் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அலமாரியின் சாவி தில்லியில் இருக்கிறது. தில்லியில் எந்த இடத்தில் என்று கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் அந்த அலமாரிக்குள் இருக்கிறது.

கட்கியில் மத்திய மாதிரி ஒப்பீட்டு நிலையம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. சீருடைக்காரர்களுக்காக அரசு வாங்கும் வாளி, கெட்டில், கொசுவலை, ஷூ லேஸ் எல்லாம் அங்கே வந்து தேறிய பிறகுதான் வெளியே போக முடியும். தேறும் முறை எளிமையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதிரி உண்டு. அதன் கழுத்தில் நூல் கட்டி, அரக்கு முத்திரை குத்தி, மாதிரி அறையில் வைத்திருப்பார்கள். அதற்கு ஓர் இரட்டை உண்டு. அதையும் முத்திரை குத்தித் தில்லித் தலைமையகத்தில் வைத்திருப்பார்கள். புதிதாக வரும் சரக்கை மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மாதிரியைவிட மட்டமாக இருந்தால் நிராகரிப்பு. மாதிரியைவிட நன்றாக இருந்தாலும் நிராகரிப்பு. 1962ஆம் ஆண்டு முத்திரை குத்திய கெட்டிலுக்கு மூக்கு கொஞ்சம் கோணல். அன்று முதல் அந்த நிலையத்தில் தேறிய கெட்டில் எதற்கும் மூக்கு நேராக இருந்ததில்லை. கோணலை அளக்கத் தனியாக ஒரு கருவியே வாங்கி வைத்திருந்தார்கள்.

சந்திரமௌலி அங்கே மேல்நிலை எழுத்தர். ஐம்பத்தொரு வயது. கும்பகோணத்துக்காரர். நிலையத்தின் மனமகிழ் மன்றத்தில் பதினோரு ஆண்டுகளாக அவர்தான் சதுரங்கச் சாம்பியன். இந்தப் பதினோரு ஆண்டுகளில் அவரை யாரும் வென்றதில்லை. முதல் ஆண்டு பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர். போட்டியன்று எதிராளிக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டாம் ஆண்டு எதிராளியை வாளி எண்ணுவதற்காக நாசிக் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து யாரும் பெயரே கொடுக்கவில்லை. அவ்வளவு பயம்.

சாம்பியனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. 1971இல் நிலையத் தலைவராக இருந்த ஒரு கண்ட்ரோலர் வாலிபால் பைத்தியம். தன் ஆட்டக்காரர்களை வெளியூருக்கு மாற்றிவிடப் போகிறார்களே என்று பயந்து, ‘நிலையத்தின் சாம்பியன் எவரையும் அவர் சாம்பியனாக இருக்கும்வரை ஊர் மாற்றக் கூடாது’ என்று ஓர் ஆணை வாங்கி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வாலிபால் வலை கிழிந்து இருபது வருடம் ஆகிறது. ஆணை கிழியவில்லை. அந்த ஆணையைப் பிடித்துக்கொண்டுதான் சந்திரமௌலி கட்கி குவார்ட்டர்ஸிலேயே வேரூன்றியிருந்தார்.

அந்த வேரை அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் அசைத்தது. 1997 மே மாதம் அது உலக சாம்பியனைத் தோற்கடித்துவிட்டதாகப் பேப்பரில் படம் போட்டு வந்தது. சந்திரமௌலி அந்தப் பேப்பரில்தான் பகல் உணவை மடித்து எடுத்துப் போயிருந்தார். எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு முடித்தபோது உலக சாம்பியனின் முகத்தில் மஞ்சள் படிந்திருந்தது. பாவம் என்று நினைத்துக் கசக்கிப் போட்டார்.

ஜூன் மாதம் செக்‌ஷன் ஆபீசர் ராமநாதன் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்தபடி வந்தார். அவர் திருநெல்வேலிக்காரர், முப்பது வருடம் புனேயில் இருந்தும் நாக்கு தாமிரபரணியிலேயே இருந்தது.

"வே மௌலி, தலையில இடி விழுந்துட்டுவே."

"யார் தலையில சார்?"

"ஒம்ம தலையிலதாம்வே. தில்லியில இருந்து காயிதம் வந்திருக்கு. ‘சதுரங்கக் கம்ப்யூட்டர்கள் மனித ஆட்டக்காரர்களைவிட உண்மையிலேயே வலியவையா? ஒப்பிட்டுப் பார்த்து, ஆம், இல்லை, பொருந்தாது இந்த மூணுல ஒண்ணை டிக் பண்ணி அனுப்பவும். ஆம் எனில் மனிதச் சாம்பியன்களை உபரியாகக் கருதவும்.’"

"உபரின்னா?"

"இடார்சிக்கு மாத்தல்ங்கேன். அங்க டிப்போவுல கிளார்க்கு பத்தலையாம். கம்ப்யூட்டர் ஜெயிச்ச மறுநா நீரு ரயிலுல இருப்பேரு."

சந்திரமௌலிக்கு மகள் நினைவு வந்தது. "வைஷு பத்தாவது சார். மார்ச்ல போர்டு பரீட்சை. இப்போ போய் அவளை மத்தியப் பிரதேசத்துல எந்த ஸ்கூல்ல சேத்துப்பா?"

"அதை ஏன்வே எங்கிட்ட கேக்கேரு? கம்ப்யூட்டர்ட்ட கேளும்."

*

கம்ப்யூட்டர் ஆகஸ்டில் வந்தது. அதற்கென ஓர் அறையைக் காலி செய்து, ஏசி மாட்டி, வாசலில் ‘செருப்பைக் கழற்றவும்’ என்று மூன்று மொழிகளில் எழுதினார்கள். தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் தண்ணீர் கீபோர்டில் தெறித்ததால் அன்று முழுக்க அதற்கு ஓய்வு. கூடவே வந்த இன்ஜினியர் ஹரிபிரசாத், ஔந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த கோயமுத்தூர்ப் பையன். சந்திரமௌலி அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இது தோத்துப் போறதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இல்லீங்க சார்" என்றான் ஹரிபிரசாத் பெருமையாக. "இந்த ஆபீஸ்ல யாரு உக்காந்தாலும் இருபது நிமிசத்துல முடிச்சு விட்ருமுங்க. இப்பவே ஒரு ஆட்டம் போட்டுப் பாத்தறலாங்களா? தெரிஞ்சு போயிருமுங்க."

இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் கண்ட்ரோலர் தாம்லே சாகேப். மராட்டியில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பவர். இடையில் இந்தியில் இருமுவார். அன்று ஆலோசனைக் குழுவின் முன் அவர் ஆற்றிய உரை தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"அரே பாபா! ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்வதா? தெருமுனையில் செய்கிற வேலை அது. ஆடிப் பார்த்தால் பதில் உடனே வந்துவிடும். உடனே வந்த பதிலை தில்லியில் எவன் நம்புவான்? கொசுவலையைச் சோதிக்க நாம் என்றைக்காவது கொசுவைக் கூப்பிட்டிருக்கிறோமா? நமக்கென்று ஒரு முறை இருக்கிறது. மாதிரி வேண்டும். மனிதனுக்கு முத்திரையிட்ட மாதிரி எங்கே? இருநூற்றுப் பதினோரு மாதிரிகள் இருக்கின்றன, மனிதன் இல்லை! இருபத்தாறு ஆண்டு சேவையில் நான் இந்தக் குறையைக் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் இதுவரை யாரும் நம்மிடம் மனிதனைப் பற்றிக் கேட்டதில்லை."

குழு கைதட்டியது. எல்லாரும் திரும்பிச் சந்திரமௌலியைப் பார்த்தார்கள்.

*

முத்திரை குத்தும் அதிகாரம் மாதிரி அறைக் காப்பாளர் அந்தோணிக்குத்தான். அவர் தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தோணி பிறந்தது, படித்தது, தேவாலயத்தில் தாலி கட்டியது எல்லாம் கட்கி.

"அரே சாமி, கழுத்த கொஞ்சம் நீட்டு. கெட்டிலுக்குக் கட்டற நூலுதான். ஏக்தம் ஸ்ட்ராங்."

"அரக்கு சுடுமோடா அந்தோணி?"

"கெட்டில் இன்னாத்துக்குமே கத்துனதில்ல."

அரக்கு ஆறியபின் ஓர் அட்டையைக் கோத்தார். ‘மாதிரி எண் 212. மனிதர், சதுரங்கம் ஆடும் வகை, எண்ணிக்கை ஒன்று.’ அட்டையின் பின்பக்கம் வழக்கமான எச்சரிக்கை அச்சிட்டிருந்தது: ‘கழுவவோ, மெருகேற்றவோ, எண்ணெய் இடவோ கூடாது.’

விதி தெளிவாக இருந்தது. ஒப்பீடு முடியும்வரை மாதிரி எந்த மாற்றத்துக்கும் உட்படக் கூடாது. ஆகவே சந்திரமௌலி சதுரங்கம் பழகக் கூடாது, அது மெருகேற்றுவதாகும். சதுரங்கப் புத்தகம் படிக்கக் கூடாது. சதுரங்கம் பற்றி நினைக்கவும் கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு, ‘நேற்று மாலை ஐந்தரை முதல் இந்த நிமிடம்வரை சதுரங்கம் குறித்து எதுவும் சிந்திக்கவில்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அதில் கையெழுத்துப் போட அவருக்கு ஒருநாளும் மனசாட்சி உறுத்தியதில்லை. மாதம் ஒருமுறை எடை பார்த்தார்கள். ஏகாதசி விரதம் ரத்தானது. எண்ணெய் இடக் கூடாது என்பதைக் குழு மூன்று கூட்டங்களில் விவாதித்து, சனிக்கிழமைக் குளியலுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

பத்து மணியிலிருந்து ஐந்தரை மணிவரை அவருக்கு மாதிரி அறையில் ஒரு ஸ்டூல். இடப்பக்கம் 1962ஆம் ஆண்டுக் கெட்டில், வலப்பக்கம் பனிக்கால உள்ளாடை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. யாராவது கதவைத் திறந்தால் கெட்டிலோடு சேர்ந்து அவரும் அசையாமல் இருந்தார்.

வீட்டில் வைஷுதான் சிணுங்கினாள். அவள் தமிழ் பாதி வழியில் மராட்டிக்குத் தாவிவிடும். "அப்பா, ப்ளீஸ், அந்த அட்டையை ஷர்ட் உள்ள போட்டுக்கோ நா! காலனில எல்லாரும் விசாரிக்கறா, துஜ்யா பாபாலா காய் ஜாலன்னு, உன் அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு."

"உள்ள போட்டா மறைப்புக் குத்தம்டீ, கண்ணா. மாதிரி எப்பவும் பார்வைல இருக்கணும்."

*

ஆட்டம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி தொடங்கியது. பலகை ஆலோசனை அறையில் இருந்தது. கம்ப்யூட்டர் ஏசி அறையில் இருந்தது. சந்திரமௌலி ஸ்டூலில் இருந்தார். மூன்றுக்கும் நடுவே கோப்பு போய் வந்தது.

ஹரிபிரசாத் முதல் நாளே கம்ப்யூட்டரைப் பத்தாவது நிலையில் வைக்கப் போனான். அந்தப் புரோகிராமில் ஒன்றிலிருந்து பத்துவரை நிலைகள், பத்துதான் உச்சம். தாம்லே பதறி அவன் கையைப் பிடித்தார்.

"புது ஸ்கூட்டர் வாங்கியதும் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டுவாயா நீ? இன்ஜின் என்ன ஆகும்? முதல் நிலையிலேயே ஓட்டு. பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று எழுதி ஒட்டு."

"சார், இதுக்கு பிஸ்டனெல்லாம் கிடையாதுங்க."

"உனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது."

மானிட்டரின் பின்னால் ‘ரன்னிங் இன்’ ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

கம்ப்யூட்டர் ஒரு காயை நகர்த்த நினைத்தால் அது நேரடியாக நகர்த்திவிட முடியாது. ஹரிபிரசாத் அதைக் குறிப்பாக எழுதுவான். ராமநாதன் கீழே ‘பரிசீலனைக்கு’ என்பார். தாம்லே அதன் கீழே திருத்துவார். நான்காவது நகர்த்தலில் கம்ப்யூட்டர் ராணியை எங்கோ கொண்டுபோய் மாட்டவைக்கப் பார்த்தது. மறுநாளே அதற்கு மெமோ போனது: ‘அரசுச் சொத்தான ராணியை இழப்புக்கு உள்ளாக்க முனைந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கமளிக்கவும்.’ ஏழு நாட்களாயின. கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஹரிபிரசாத் ‘இனி இவ்வாறு நேராது’ என்று எழுதி, கம்ப்யூட்டருக்காகக் கையெழுத்துப் போட்டான். ராணி கட்டத்துக்குள் திரும்பி வந்தது.

சந்திரமௌலியின் குறிப்புகளில் இப்படிப்பட்ட தொல்லை எதுவும் இல்லை. அவருடைய முறை வரும்போதெல்லாம் பேனாவை மூடித் திறந்து, கூரையைப் பார்த்து, இருபது நிமிடம் யோசிப்பார். பிறகு அழகான கையெழுத்தில் எழுதுவார்: ‘சிப்பாய், ஒரு கட்டம் முன்னால். முந்தைய நகர்த்தலை ஒட்டி.’ எந்தச் சிப்பாய் என்பதைக் குழுவின் முடிவுக்கு விட்டுவிடுவார். தாம்லே அதைப் படித்து உருகிப்போனார்.

"பாருங்கள்! எவ்வளவு பொறுப்பு! இழப்பு இல்லை, அவசரம் இல்லை, முன்னுதாரணம் இருக்கிறது. இவரைப் பார்த்து அந்த இயந்திரம் கற்றுக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது ராஜாதான். பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் நகர்வதில்லை. எல்லாரும் சுற்றி நின்று அவரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் அவர் போனால் ஆட்டமே இல்லை. என்னைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்திருப்பார்களோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன்."

வியாழக்கிழமைகளில் புனேயில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். அன்று கம்ப்யூட்டர் விழிக்காது. வருகைப் பதிவேட்டில் அதற்கு விடுப்பு விண்ணப்பம் இல்லை என்று ராமநாதன் சிவப்பு மையில் குறித்தார். பதினைந்து வியாழக்கிழமை. பதினைந்து நாளும் மனிதர் ஸ்டூலில் ஆஜர். ஒப்பீட்டு அறிக்கையில் ‘ஒழுங்கு’ என்ற தலைப்பின் கீழ் மனிதருக்கு முழு மதிப்பெண்.

இப்படியே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் டிசம்பரில் தாம்லே இரண்டு வாரம் விடுப்பில் போனார். ஹரிபிரசாத்தால் பொறுக்க முடியவில்லை. தன் கண்ணெதிரே ஒரு நல்ல புரோகிராம் சிப்பாய் தள்ளிக்கொண்டு சீரழிவதை எவ்வளவு நாள்தான் பார்ப்பான்? ஸ்டிக்கரைக் கிழித்தான். பத்தாவது நிலையில் வைத்தான். கம்ப்யூட்டர் நாலு வினாடி யோசித்து, பதினான்காவது நகர்த்தலாகக் குதிரையை நகர்த்தச் சொன்னது. ஹரிபிரசாத் குறிப்பெழுதி, பொறுப்பு அதிகாரியான ராமநாதனிடம் ஒப்புதல் வாங்கி, பலகையில் வைத்தும்விட்டான். பிறகு மாதிரி அறைக்கு வந்தான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. இன்னும் நாலே மூவ்ல செக்மேட்டுங்க. நீங்க எதைத் தள்ளுனாலும் மேட்டுதானுங்க."

சந்திரமௌலி கெட்டிலைப் பார்த்தார். அந்தோணியைப் பார்த்தார். "நாலு மூவ்னா எத்தனை நாள்?" என்று கேட்டார்.

"நாளாங்க?"

"ஒரு மூவுக்கு ஒம்பது நாள் ஆறது. நாலொம்பது முப்பத்தாறு. இன்னிக்கு டிசம்பர் இருவத்திரண்டு." விரல் விட்டு எண்ணினார். "ஜனவரி இருபத்தேழு. போர்டு பரீட்சை மார்ச்ல."

அந்தோணி அவர் தோளில் கை வைத்தார். "சோடோ சாமி, உடு. குதிரய யாரும் பாக்காதப்ப நா எடுத்து பாக்கெட்ல போட்டுக்கவா?"

"வேண்டாண்டா. காய் தொலைஞ்சா விசாரணைன்னு உன் கழுத்துல நூல் கட்டுவா."

*

மனைவி பாலாம்பாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உளுந்து களைவதை நிறுத்தவில்லை.

"ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். நீங்க ஆடி ஜெயிக்கப் போறேளா?"

"அதெப்படிடீ?"

"ஆடித் தோத்தாலும் இடார்சி. அப்போ ஆட்டத்தை விடுங்கோ. கத்தரிக்காய்க்காரன் மட்டமான கத்தரிக்காயைத் தந்தா நான் கத்தரிக்காய்கிட்டயா சண்டை போடறேன்? தராசைத்தான் பாக்கறேன். உங்க தராசைப் பாருங்கோ."

"என் தராசா?"

"நீங்கதானே தராசு? ஒரு கோணக் கெட்டிலுக்கே ரெண்டு வெச்சிருக்கேள், ஒண்ணு இங்க, ஒண்ணு தில்லிலன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சிண்டேள். உங்களுக்கு ரெண்டாவது எங்க?"

சந்திரமௌலி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, யூ ஆர் டூ மச்!" என்றாள் பாடப்புத்தகத்துக்குப் பின்னாலிருந்த வைஷு.

மறுநாள் காலை, சதுரங்கம் பற்றிச் சிந்திக்கவில்லை என்று வழக்கம்போல் உண்மையாகவே கையெழுத்திட்டபின், மாதிரி எண் 212 தன்னைப் பற்றியே ஒரு குறிப்பு எழுதியது. ‘விதி 14இன்படி ஒவ்வொரு மாதிரிக்கும் அச்சு அசலான இரட்டை ஒன்று தலைமையகத்தில் இருத்தல் வேண்டும். மாதிரி எண் 212க்கு இரட்டை இல்லை. இரட்டை இல்லாத மாதிரியோடு செய்த ஒப்பீடு செல்லாது. பதினான்காவது நகர்த்தலை அப்படியே நிறுத்திவைத்து, முதலில் இரட்டையை வாங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.’

ராமநாதன் அதை மூன்று முறை படித்தார். "வே, இத்தன நாளு ஸ்டூல்ல இருந்தது வீண் போகலவே. ஒமக்கு இப்பத்தாம்வே மூளை வேலை செய்யுது."

"மெதுவாச் சொல்லுங்கோ சார். மாதிரில மாற்றம்னு எழுதிடப் போறா."

விடுப்பிலிருந்து திரும்பிய தாம்லேவுக்குக் கண்ணில் நீர் கோத்தது. இவ்வளவு பெரிய குறையோடு ஓர் ஒப்பீட்டை முடித்திருந்தால் தன் பெயர் என்ன ஆகியிருக்கும்! அன்றே கையெழுத்திட்டார். அதோடு இன்னொரு ஆணை: ஒப்பீடு முடியும்வரை மாதிரியை நிலையத்தைவிட்டு அப்புறப்படுத்தலாகாது.

பத்திரிகையில் டெண்டர் விளம்பரம் வந்தது. ‘தேவை: மனிதர், சதுரங்கம் ஆடும் வகை, எண்ணிக்கை ஒன்று. இணைத்துள்ள மாதிரிக்கு எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டும். வேலை நாட்களில் நேரில் வந்து மாதிரியைப் பார்வையிடலாம்.’ பார்வையிட நாற்பது பேர் வந்தார்கள். சந்திரமௌலியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு முப்பத்தொன்பது பேர் போய்விட்டார்கள்.

நாற்பதாவதாக வந்தது பவுன். ஏரவாடாவில் இட்லிக் கடை வைத்திருந்தவள். ஐம்பது வயதிருக்கும். ‘மனிதர்’ என்றுதான் போட்டிருந்தது, ஆண் என்று போடவில்லை என்று வாசலில் சண்டை போட்டு உள்ளே வந்தாள்.

"உனக்கு செஸ் தெரியுமாம்மா?" என்றார் சந்திரமௌலி கவலையோடு.

"தெரியாது சாமி. ஸ்டூல்ல குந்தத் தெரியும். நாப்பது வருசம் அடுப்புக்கு முன்னாடி குந்திகினுதான கீறேன்? ஏசி ரூமுன்னு சொன்னாங்கோ."

"அது கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கு வேர்க்குமா?"

குழு கூடுவதற்கு அரை மணி நேரம் தாமதமானது. அதற்குள் ஹரிபிரசாத் பொழுது போகாமல் அவளுக்குக் காய்களைச் சொல்லிக்கொடுத்தான். பிறகு ஒப்பீடு நடந்தது. மாதிரியின் எல்லா நகர்த்தல்களையும் கோப்பிலிருந்து படித்துக் காட்டி, நீ என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பவுன் பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, குதிரையை எடுத்து எதிராளியின் சிப்பாயைத் தட்டிவிட்டாள்.

தாம்லே கோப்பைப் புரட்டினார். பதின்மூன்று நகர்த்தல்களில் மாதிரி எண் 212 ஒருமுறைகூடக் குதிரையைத் தொட்டதில்லை. ‘மாதிரியைவிட நன்றாக உள்ளது. நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதினார்.

"இன்னா சாமி, நல்லா ஆடனா அனுப்பிடுவியா?" என்று பவுன் கேட்டாள்.

"நல்லா ஆடறவாளை எல்லாம் சேத்துண்டா, அப்பறம் நாங்க எங்கம்மா போறது?" என்றார் சந்திரமௌலி. வாசல்வரை வந்து அவளை வழியனுப்பினார். முத்திரையிட்ட மாதிரி அறையைவிட்டு வெளியே வந்ததற்காக அந்தோணி அவருக்குக் கேட் பாஸ் போட வேண்டியதாயிற்று.

*

வைஷு மார்ச்சில் பரீட்சை எழுதினாள். எண்பத்தாறு சதவீதம். மறுபடி டெண்டர் விட்டார்கள். வைஷு பன்னிரண்டாவது முடித்தாள். மூன்றாவது டெண்டரில் ஒருவர் ஏறக்குறையப் பொருந்தினார். ஆனால் அவருக்கு மூக்கு நேராக இருந்தது. கோணலை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து பார்த்து, சந்திரமௌலியின் மூக்கு ஒரு டிகிரி வலப்பக்கம் என்று கண்டுபிடித்தார்கள். வைஷு இன்ஜினியரிங் முடித்து ஹிஞ்சவடியில் வேலைக்குச் சேர்ந்தாள். தாம்லே, முழுமையான ஒப்பீட்டு முறையை வகுத்ததற்காகப் பதவி உயர்வு பெற்று தில்லிக்குப் போனார். அலமாரிச் சாவி அவர் பையோடு போய்விட்டது. ஹரிபிரசாத் அமெரிக்கா போனான். பதினான்காவது நகர்த்தல் அப்படியே நின்றது. அத்தனை வருடம் அதே படத்தைக் காட்டிக் காட்டி, மானிட்டரை அணைத்தாலும் குதிரையின் நிழல் தெரிந்தது.

2006 ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி சந்திரமௌலி ஓய்வு பெற்றார். அந்தோணி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கழுத்து நூலை வெட்டினார். ஒன்பது வருட நூல். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

"கெட்டில் அழுவுது சாமி" என்றார் அந்தோணி. அழுதது அவர்தான்.

புதிய கண்ட்ரோலர் தேஜஸ்வினி மேடம் இளையவர். கோப்பு முழுவதையும் படித்திருந்தார். தில்லிக்கு அனுப்ப வேண்டிய படிவம் இன்னும் காலியாக இருந்தது. பிரிவுபசாரக் கூட்டத்தில், பாலாம்பாளும் வைஷுவும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டுவிட்டார்.

"சந்திரமௌலிஜி, உலகத்திலேயே இந்தக் கேள்வியோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவர் நீங்கள்தான். இன்று முத்திரை இல்லை. மனம் திறந்து சொல்லுங்கள். கம்ப்யூட்டர் மனிதனைவிட உண்மையிலேயே வலியதா?"

சந்திரமௌலி எழுந்தார். வழக்கம்போல் கூரையைப் பார்த்தார். இருபது நிமிடம் ஆகுமோ என்று கூட்டம் பயந்தது. ஆனால் உடனே பேசினார்.

"மேடம், உலக சாம்பியனை அது ஆறே ஆட்டத்துல முடிச்சுதுன்னு பேப்பர்ல போட்டான். என்கிட்ட ஒம்பது வருஷம் ஆடித்து. ஒரு ஆட்டம் ஜெயிக்கலை."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தேஜஸ்வினி மேடம் அங்கேயே, எல்லார் முன்னிலையிலும், படிவத்தில் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் செய்து கையெழுத்திட்டார். நினைவுப் பரிசாக ரோஸ்வுட் சதுரங்கப் பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். பாலாம்பாள் அதை வாங்கி, திறக்காமல், நேராகப் பையில் போட்டுக்கொண்டாள்.

சொல்ல விட்டுப்போனது ஒன்றுதான். சந்திரமௌலிக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது.